இடது லீவரில் கட்டிய மஞ்சள் துணி

சிதம்பரத்தில் ஒரு நர்சரி பள்ளிக்கு ஏழு வருஷம் வேன் ஓட்டினேன். பிள்ளைகளை இறக்கிவிட்டதும் ஒரு தடவை எண்ணுவேன். கூட வரும் ஆயாம்மா எண்ணி முடித்து எல்லாரும் இறங்கியாச்சு என்று சொன்ன பிறகு, இன்னொரு தடவை எண்ணுவேன். வேனைப் பூட்டுவதற்கு முன்னால் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். ஏழு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அங்கே இருந்ததில்லை. ஆனாலும் பார்க்காமல் பூட்டியதில்லை. "ஒனக்கு ஒன் நெழலு மேலயே நம்பிக்க கெடையாது" என்பார் என் வீட்டுக்காரர். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவர் எனக்கு அம்மா வழியில் சொந்தம். கல்யாணத்துக்கு முன்பும் மாமா, பின்பும் மாமா. பொக்லைன் ஆபரேட்டர். ஒரே முதலாளியிடம் பல வருஷமாக இருக்கிறார். வாய்க்கால் தூர்வார, அஸ்திவாரம் தோண்ட, குட்டை வெட்ட என்று திட்டக்குடி வரைக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். தண்ணீர்க் குழாய் போகிற இடத்தில் குழாயில் கீறல் படாமல் மண்ணை மட்டும் வழித்தெடுப்பார் என்று ஊரில் பெயர். அந்தப் பெயருக்கு விலையாகப் போனது இடுப்பு. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இந்தக் குலுக்கல்ல இன்னும் ரொம்ப நாளு ஒக்கார முடியாது, பாத்துக்கங்க" என்றார். அன்று முதல் அவர் சட்டைக்குள் அகலமான பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். அதே சமயத்தில் என் பள்ளிக்கூடமும் பெரிய பஸ் வாங்கிக்கொண்டு வேனை விற்றுவிட்டது. பஸ்ஸுக்கு ஆண் டிரைவர்தான் வேண்டும் என்றார்கள். காரணம் கேட்டேன். சிரித்தார்கள்.

கடலூருக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் பொக்லைன் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள், பெண்களையும் சேர்க்கிறார்கள் என்று ஒரு நோட்டீஸ் என் கைக்கு வந்தது. ஒன்றரை மாதப் பயிற்சி. முடிவில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து சோதிப்பார். தேறினால் சான்றிதழும் ஆபரேட்டர் கார்டும் கிடைக்கும். அந்தக் கார்டு இருந்தால் தொழிற்பேட்டையில் வேலை எடுத்திருக்கும் கம்பெனி சேர்த்துக்கொள்ளும். அங்கே எட்டு மணி நேர வேலை, ஏசி கேபின். நோட்டீஸின் அடியில் "பயிற்சி இலவசம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையால் நான் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, இதுல என்னா தில்லுமுல்லு இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். மையத்தின் பெயரைப் படித்ததும் முகம் மாறியதை நான் கவனித்தேன். "தில்லுமுல்லெல்லாம் ஒன்னுமில்ல. ஆனா ஒனக்கு எதுக்கு இது? புழுதி, சூடு, ஆம்பளைங்க வாய்ப்பேச்சு" என்றார். இரண்டு வருஷத்துக்கு முன் கடலூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு நாள் போய்விட்டு வந்து, "அந்தக் கம்பெனி சரியில்ல, வேணாம்னுட்டேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தனக்கு வேண்டாம் என்று விட்டது பெண்டாட்டிக்கும் கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறாரோ என்று அப்போதே மனசில் ஓரமாகக் குறித்துவைத்தேன்.

ஆனால் நான் பிடிவாதமாக நின்றபோது அவர்தான் கற்றுக்கொடுத்தார். முதலாளி வண்டி நிறுத்தும் காலி மனையில், ஞாயிற்றுக்கிழமைகளில். பொக்லைன் கை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: வண்டியிலிருந்து மேலே வளைந்து எழும் பெரிய பாகம் பூம். அதன் நுனியிலிருந்து முழங்கைபோல மடங்கும் பாகம் ஆர்ம். அதன் முனையில் மண்ணை அள்ளும் பக்கெட். இவற்றை ஆட்டிவைக்க ஆபரேட்டருக்கு ஒவ்வொரு கைப்பக்கமும் ஒரு லீவர். மாமாவின் வண்டியில் இடது லீவரை இழுத்தால் பூம் எழும்பும், வலது லீவரை இழுத்தால் ஆர்ம் மடங்கும். அந்த இடது லீவரின் கழுத்தில் ஒரு மஞ்சள் துணி முடிச்சுப் போட்டிருக்கும்.

அந்தத் துணியை நான் கல்யாணமான புதிதிலிருந்து பார்க்கிறேன். குலசாமிக்கு வேண்டிக் கட்டிய துணி என்று எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்துகொண்டதல்ல, மஞ்சள் துணியில் முடிச்சு என்றால் வேறு என்னவாக இருக்கும்? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வண்டிக்குப் பொட்டு வைக்கும்போது அந்த முடிச்சுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பேன். மாமா பார்த்துச் சிரிப்பார். பயிற்சியில் சேர முடிவெடுத்த அன்று அந்த முடிச்சைத் தொட்டு, "நான் பாஸாயிடணும்" என்று நானும் மனசுக்குள் ஒரு வேண்டுதல் போட்டுவைத்தேன். சாமிதான் ஒன்று, துணியும் ஒன்றே போதும்.

மையத்தில் சேரக் கனரக வாகன லைசென்ஸ் கேட்டார்கள். என்னிடம் வேன் லைசென்ஸ்தான் இருந்தது. ஒரு டிரைவிங் ஸ்கூலில் லாரி ஓட்டிப் பழகினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கண் பரிசோதனை செய்தார்கள். புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் அட்டையைக் காட்டி என்ன எண் என்று கேட்டார்கள். எண்ணே இல்லாத அட்டையைக் காட்டி என்னை ஏமாற்றுகிறார்களோ என்று ஒவ்வொரு அட்டையையும் நெருங்கிப் பார்த்தேன். லைசென்ஸ் டெஸ்ட்டில் லாரியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர், "சரிம்மா, எறங்கு" என்றார். யாராவது தனியாகக் கூப்பிட்டு ஏதாவது கேட்பார்கள் என்று வெயிலில் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். யாரும் கேட்கவில்லை. லைசென்ஸ் வீட்டுக்குத் தபாலில் வந்தது. அது அசல்தானா என்று இன்டர்நெட்டில் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸில் வைத்தேன்.

முதல் நாள் மாமா என்னை பைக்கில் கொண்டுபோய் விட்டார். மையத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே ஒரு டீக்கடை பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"கேட்டு வரைக்கும் வாங்களேன்."

"நீயே போ. எனக்கு டீ குடிக்கணும்" என்றார். வீட்டில் டீ குடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

வகுப்பில் பன்னிரண்டு பேர். பெண் நான் ஒருத்திதான். என் பக்கத்து நாற்காலியில் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாய். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், மறுபடி போகக் கார்டு வேண்டும் என்று வந்திருந்தார். "அங்கல்லாம் கார்டு இல்லேன்னா கேட்டுக்குள்ளயே வுட மாட்டான், தங்கச்சி. கையில வேல இருந்தா போதாது, பையில பேப்பரும் இருக்கணும்" என்றார். பயிற்சியாளர் வயதானவர், சிடுசிடுப்பானவர். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நான் தூக்கினேன். கொஞ்சம் உயரமாகவே தூக்கினேன் என்று நினைக்கிறேன்.

எதிரே திரை வைத்த ஒரு கேபின் இருந்தது. சிமுலேட்டர். நிஜ வண்டியில் ஏறும் முன் அதில்தான் பழக வேண்டும். என்னை முதலில் உட்காரச் சொன்னார். பூமைத் தூக்கலாம் என்று இடது லீவரை இழுத்தேன். பூம் அசையவில்லை. ஆர்ம் மடங்கி, பக்கெட் நேராகக் கேபின் கண்ணாடியை நோக்கி வந்தது. பதறி வலதை இழுத்தேன். ஆர்ம் நிற்காமல் பூமும் சேர்ந்து எழும்பியது. திரை முழுக்கச் சிவப்பாகிக் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"யாரும்மா ஒனக்குக் கத்துக்குடுத்தது?"

"எங்க வீட்டுக்காரரு, சார். ஆபரேட்டரு."

"எல்லாத்தயும் தலகீழா கத்துக்குடுத்திருக்காரே. இப்ப எல்லா வண்டியிலயும் பூமு வலது கையிலதான். நீ இடது கையில தேடுற. ஒன்னுமே தெரியாதவனுக்குச் சொல்லிக்குடுத்துடலாம். தப்பாப் பழகுனவங்களுக்குத்தான் கஷ்டம் ஜாஸ்தி" என்றார்.

பஸ்ஸில் சிதம்பரம் வரும் வழி முழுக்க என் காது சுட்டது. இத்தனை வருஷ ஆபரேட்டருக்கு எந்தக் கையில் பூம் என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறார். நேரடியாக வேண்டாம் என்று சொல்லி நான் கேட்காததால், முதல் நாளே அவமானப்பட்டு ஓடி வரட்டும் என்று தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நோட்டீஸைப் பார்த்தபோது மாறிய முகம், கேட் வரைக்கும் வராத டீ, எல்லாம் வரிசையாக வந்து பொருந்தின. ஒரு சந்தேகத்துக்கு இவ்வளவு சாட்சி தானாக வந்து நின்றால் நான் என்ன செய்வேன்?

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். "வேணும்னே தப்பா சொல்லிக்குடுத்தீங்களா?"

அவர் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "எனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்லிக்குடுத்தேன்."

"ஊருக்கெல்லாம் வலது கையில இருக்குற பூமு ஒங்களுக்கு மட்டும் இடது கையில இருக்குதா?"

"அது..." என்று ஆரம்பித்தார். பிறகு மோரை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தார். பதில் இல்லாதவர்தான் மோரைப் பிசைவார் என்று நான் முடிவு கட்டினேன். அன்றிலிருந்து உப்பு, புளி, தண்ணீர் மோட்டார் தவிர வேறு எதையும் அவரிடம் பேசவில்லை.

அடுத்த வாரம் அவர் வேலை முடிந்து வரும் நேரம் தள்ளிப்போனது. இருட்டிய பிறகுதான் வந்தார். தூர்வாரும் வேலை ஆறு மணிக்கு மேல் நடக்காது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரில் கை ஊன்றிச் செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தேன். சாராய வாசனை இல்லை, ஆயில் வாசனை. முழங்கை வரைக்கும் கறுப்பு.

"எங்க போனீங்க?"

"வண்டியில கொஞ்சம் வேல இருந்துது."

வண்டிக்கு வேலை இருந்தால் மெக்கானிக் பார்ப்பார். இவர் ஏன் பார்க்கிறார்? அதையும் குறித்துவைத்தேன். மூன்றாவது நாள் அதே மாதிரி வந்து சாப்பிட்டு முடித்து, என் முகத்தைப் பார்க்காமல், "ஞாயித்துக்கெழம மனைக்கு வர்றியா? வண்டிய கொஞ்சம் ஓட்டிப் பாரேன்" என்றார்.

"போதும் சாமி. நீங்க கத்துக்குடுத்தத மறக்கவே எனக்கு ஒரு மாசம் புடிக்கும்" என்றேன்.

அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பிப் போனார். சாவியை எடுக்கும் சத்தம் கேட்டும் நான் படுக்கையைவிட்டு எழவில்லை.

மையத்தில் எனக்கு நரகம்தான். மூளைக்குப் புரிந்துவிட்டது, கைக்குப் புரியவில்லை. மெதுவாக ஓட்டினால் சரியாக வரும். கொஞ்சம் வேகமெடுத்தாலோ, யாராவது கத்தினாலோ, கை பழைய வழிக்கே ஓடும். பாய் ஒரு யோசனை சொன்னார்: வேலை ஆரம்பிக்கும் முன் பக்கெட்டை ஆகாயத்தில் தூக்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு லீவரையும் மெல்ல அசைத்து, எது எதை ஆட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் பஸ்ஸில், அடுப்படியில், துணி துவைக்கும் கல்லில் எல்லாம் இரண்டு கைகளையும் நீட்டி, "வலது பூமு, இடது ஆர்மு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

நான்காவது வாரம் ஒரு மதியம், வீட்டுச் சாவி வாங்குவதற்காக மனைக்குப் போனேன். மாமா எங்கோ போயிருந்தார், கேபின் கதவு திறந்திருந்தது. சாவி உள்ளே தொங்குமா என்று எட்டிப் பார்த்தேன். இடது லீவர் மொட்டையாக இருந்தது. மஞ்சள் துணியைக் காணோம்.

 கல்யாணத்திலிருந்து கழற்றாத முடிச்சு. நான் பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முடிச்சு. அதை அவர் அவிழ்த்திருக்கிறார். நான் வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லைதான், ஆனால் தொட்டுக் கும்பிட்டதை அவர் பார்த்தார். சாயங்காலம் அவர் வந்ததும், தெருவில் இரண்டு வீடு கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"கத்துக்குடுக்கறதயும் தப்பாக் குடுத்தீங்க. இப்ப சாமி துணியயும் அவுத்துட்டீங்க. பொண்டாட்டி கையில ஒரு கார்டு வந்தா ஒங்க மீச எறங்கிப்போயிடுமா?"

"சாமி துணியா?" என்றார். அவர் முகத்தில் ஒரு வினாடி சிரிப்புக்கூட வரப்பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவர் ஒரு வீட்டின் காம்பவுண்டு சுவரை இடித்துவிட்டார். சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டும் வேலை. பக்கெட்டை மேலே தூக்கி எடுக்க வேண்டிய இடத்தில் அது உள்பக்கம் மடங்கிச் சுவரை அப்படியே வாரிக்கொண்டு வந்துவிட்டதாம். நல்ல வேளை, ஆள் யாரும் இல்லை. முதலாளி கண்டபடி பேசிவிட்டார். தண்ணீர்க் குழாயைக் கீறாமல் மண்ணெடுக்கும் ஆபரேட்டருக்கு இந்த மானக்கேடு. அவர் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை இன்றைக்கு எழுதவே கூசுகிறது. "சாமி துணிய அவுத்தா இப்படித்தான்" என்றேன்.

தேர்வு நாள் வந்தது. பைக்கில்தான் கூட்டிப்போனார். இந்தத் தடவை டீக்கடையில் நிறுத்தவில்லை. மையத்தின் கேட்டுக்கு நேரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலில் நிறுத்தி இறங்கினார். நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். தோற்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வாளர் சென்னையிலிருந்து வந்தவர், கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். முதலில் வாய்வழிக் கேள்வி, பிறகு வண்டி. ஆயில் எப்போது பார்ப்பாய், மின்கம்பிக்குக் கீழே எப்படி வேலை செய்வாய், சரிவில் எப்படி நிறுத்துவாய் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். பிறகு காகிதத்தைப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"இது பொஸ்தகத்துல கெடையாது. நம்ம ஊரு வழக்கத்துல இருக்கு. வேற ஒருத்தரு ஓட்டுன வண்டியில ஏறுறீங்க. லீவர்ல ஒரு துணி கட்டியிருக்கு. என்னான்னு புரிஞ்சுக்குவீங்க?"

இதைவிடச் சுலபமான கேள்வி இருக்க முடியாது. "சாமிக்கு வேண்டிக் கட்டுன துணி, சார். அத அவுக்கக் கூடாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர்தான் நெற்றியில் அடித்துக்கொண்டு சொன்னார்:

"சாமியும் இல்ல பூதமும் இல்லம்மா. பழைய வண்டியில பழகுன ஆபரேட்டருங்களுக்குப் புது வண்டி கை வராது. மெக்கானிக்க வச்சு அடியில ஆயில் போற ரப்பர் குழாய, அதான் ஓஸ, மாத்திக் கட்டிக்குவாங்க. அப்ப பூமு இடது கைக்கு வந்துடும். வேற ஆளு தெரியாம ஏறி யாரயாவது அடிச்சுடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் லீவர்ல துணி கட்டுறது. துணி இருந்தா ஓஸு மாறியிருக்குன்னு அர்த்தம். துணி இல்லன்னா வண்டி எல்லா வண்டி மாதிரி இருக்குன்னு அர்த்தம்."

துணி இல்லை என்றால் வண்டி எல்லா வண்டி மாதிரி இருக்கிறது. என் காதில் அது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

வண்டி டெஸ்ட்டுக்காக வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பயிற்சியாளர் கூடவே வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "அங்க மரத்தடியில நிக்கிறவரு ஒங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார்.

"ஆமா, சார்."

"அடடே. ரெண்டு வருஷம் முன்னாடி இங்க டெஸ்ட்டுக்கு வந்தாரு. ஒரு கம்பெனி அனுப்பியிருந்துது. இப்ப ஒன்ன கேட்டாரே, அந்தத் துணிக் கேள்விக்கு அன்னிக்கு டக்குனு பதில் சொன்னது அவரு ஒருத்தருதான். வண்டியிலதான் போயிட்டாரு. மண்ணு அள்ளி டிப்பர்ல கொட்டச் சொன்னா, பக்கெட்டு டிப்பர் கதவ இடிச்சுது. எத்தன தடவ குடுத்தாலும் கை பழைய பக்கமே போவுது. நல்ல வேலக்காரருதான், பாவம். பசங்க சிரிச்சுட்டானுங்க. அதோட போனவரு, கேட்டுக்குள்ளயே வரல."

நான் மரத்தடியைப் பார்த்தேன். அவர் பைக் சீட்டில் சாய்ந்து, ஒரு கையால் இடுப்பை அழுத்திக்கொண்டு நின்றார். குறித்துவைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்தது. மோரைப் பிசைந்தது. ஆயில் வாசனை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டிப் பாரேன் என்று கேட்டது. மொட்டை லீவர். மெக்கானிக்குக்கூடச் சொல்லாமல், அந்த இடுப்போடு வண்டிக்கு அடியில் படுத்து ஓஸை மாற்றியிருக்கிறார், நான் பழக வேண்டும் என்று. நான் போகவில்லை. என்றைக்காவது வருவேன் என்று, மாற்றிய வண்டியிலேயே தினமும் வேலைக்குப் போயிருக்கிறார். அந்தச் சுவரை இடித்தது அவருடைய பழைய கை. எனக்கு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது.

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கேபினில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.  பக்கெட்டை உயரத்தில் நிறுத்தி, லீவர்களை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்தேன். வலது பூமு, இடது ஆர்மு. இன்னொரு தடவை. வேனில் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி இரண்டு தடவை. கீழே தேர்வாளர் தன் காகிதத்தில் ஏதோ எழுதினார். பிறகு சுண்ணாம்புக் கோட்டுக்குள் பள்ளம் தோண்டி, மண்ணை அள்ளி, டிப்பரின் கதவில் படாமல் கொட்டினேன். அந்த டிப்பர் கதவின் நடுவில் ஒரு பழைய நசுங்கல் இருந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு தடவை பக்கெட்டைத் தூக்கும்போதும் அதைத்தான் பார்த்தேன்.

"துணிக் கேள்வியில கோட்ட வுட்டீங்க. வண்டியில சுத்தமா செஞ்சீங்க. பாஸ்தான், கார்டு வரக் கொஞ்ச நாளு ஆவும்" என்றார் தேர்வாளர். பாய், "மாஷா அல்லாஹ், தங்கச்சி!" என்று கையை உயர்த்தினார். அவருக்குச் சரியாக ஒரு நன்றிகூடச் சொல்லாமல் கேட்டைத் தாண்டி ரோட்டைக் கடந்தேன்.

மாமா நிமிர்ந்து நின்றார். "என்னாச்சு?"

"பாஸு."

"சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் முகம் முழுக்கச் சிரித்தது. ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"மாமா, இந்த ஞாயித்துக்கெழம வண்டிய ஓட்டிப் பாக்கட்டுமா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. மையத்தின் கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேணாம். சொவரு இடிஞ்ச மறுநாளே மெக்கானிக்க வரவச்சு ஓஸ பழையபடி மாத்திட்டேன். இனிமே எனக்குப் புதுசு வராது. வர்ற வரைக்கும் முதலாளியும் பொறுக்க மாட்டாரு."

"துணி?"

"அதே துணிதான் கட்டியிருக்கேன். நீ வச்ச குங்குமம் இன்னும் போவல."

 தெருவே கேட்கக் கத்தினேனே, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எதிர்வீட்டுக்காரர்கள் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாரே. என் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேலும் திரும்பியது.

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல? டெஸ்ட்டுல ஃபெயிலானத சொல்ல வேணாம், வுடுங்க. ஓஸ மாத்துனத சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் பைக்கில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஓஸை மாற்றிவிட்டேன், வா என்று அவர் சொல்லியிருந்தால், இதில் என்ன சூழ்ச்சி என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருப்பேன். அப்போதும் நம்பியிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மாட்டேன்" என்றேன்.

"ஏறு, பசிக்குது" என்றார்.